ஸ்கோலியோசிஸ் பிரேஸ்: சிவந்தால், மரத்தால், நழுவினால் என்ன செய்வது

ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். “சார், பாப்பாவுக்கு இடுப்புல செவந்துபோச்சு. ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விட்டிருக்கோம். பரவால்லல்ல?” பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகலாம். ஆனால் அந்தச் சிவப்புக்குக் காரணமே லூஸாகப் போட்டதுதான் என்றால் எப்படிச் சொல்வது?

செருப்புக் கடியை நினைத்துப் பாருங்கள். அளவாகக் கவ்வும் செருப்பு இரண்டு நாள் உறுத்தும், பிறகு பழகிவிடும். குதிகாலில் லொடலொடவென்று ஆடும் செருப்புதான் கொப்புளம் போடும். பக்கவாட்டில் வளையும் முதுகுக்குப் போடும் பிரேஸும் அப்படித்தான். இறுக்கமாக நின்றால் அழுத்தும். தளர்ந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் தோலைத் தேய்க்கும். தோலுக்கு அழுத்தத்தைவிடத் தேய்ப்புதான் எதிரி. பிள்ளை முகம் சுளித்ததும் நம் கை ஸ்ட்ராப்பைத் தளர்த்தத்தான் போகும். கீழே உள்ள புகார்களில் பாதிக்கு அதற்கு நேர்மாறானதுதான் வழி.

பதினாறு வருடமாக பிரேஸ் செய்து கொடுக்கிறேன். எந்தப் புகாரை வீட்டிலேயே தீர்க்கலாம், எதற்குப் பட்டறைக்கு வரவேண்டும், எதற்கு நேராக டாக்டரிடம் போகவேண்டும் என்று அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

முதலில், கையில் இருப்பது எது?

இங்கே பேசுவது அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பைச் சுற்றி முடியும் கடினமான பிளாஸ்டிக் பிரேஸைப் பற்றி. பாஸ்டன், ஷெனோ என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். முன்னது முதுகுப் பக்கம் திறக்கும், பின்னது பெரும்பாலும் முன்பக்கம். காரணம் தெரியாமல் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து சுழன்றுகொள்ளும் ஸ்கோலியோசிஸுக்கு, எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் காப் கோணம் ஏறத்தாழ 25 முதல் 40 டிகிரிக்குள் இருந்து, எலும்பு வளர்ச்சியும் பாக்கியிருந்தால் இதை எழுதிக் கொடுப்பார்கள். இரவில் மட்டும் போடும் சார்ல்ஸ்டன், பிராவிடன்ஸ் வகைகள் வேறு. படுத்த நிலையில் எதிர்ப்பக்கம் நன்றாக வளைக்கும்படியோ தள்ளும்படியோ செய்யப்பட்டவை அவை. அவற்றைப் போட்டுக்கொண்டு நடமாடக் கூடாது. கீழே சொல்வதில் எல்லாமே அவற்றுக்குப் பொருந்திவிடாது.

சிலர் ஆன்லைனில் வாங்கிய தோள்பட்டை பெல்ட்டைக் கொண்டுவந்து, “ஆறு மாசமா போடுறா, வளைவு குறையவே இல்ல” என்பார்கள். தோளைப் பின்னால் இழுத்து நிமிர்ந்து உட்காரச் சொல்லி ஞாபகப்படுத்துகிற பட்டை அது. பக்கவாட்டு வளைவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் டெய்லர் பிரேஸும் அப்படித்தான். முதுகெலும்பு முறிவு, எலும்புக் காசநோய் போன்றவற்றில் முதுகை அசையாமல் வைக்க வந்தது அது. இவை பழுதாகவில்லை, இவற்றின் வேலையே வேறு. கையில் இருப்பது இவற்றில் ஒன்று என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு முதுகெலும்பு டாக்டரைப் பாருங்கள். பிரேஸ் செய்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள், கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

எந்தப் புகாரானாலும், முதலில் கழற்றி மறுபடி போடுங்கள்

மிகையில்லை. போனில் இதை மட்டும் செய்யச் சொல்லியே பல புகார்கள் அடங்கியிருக்கின்றன.

பிரேஸைக் கழற்றுங்கள். உள்ளே போடும் பனியனைக் கீழே நன்றாக இழுத்து விடுங்கள். மடிப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு மடிப்பு என்பது நாள் முழுக்கத் தோலில் பதிந்து கிடக்கும் கயிறு. பிள்ளையை நிற்க வைத்து பிரேஸை மாட்டி, லேசாகத் திருகிக் கீழே அமுக்குங்கள். உட்பக்கம் இடுப்புக்கு ஒரு குழைவு இருக்கும். அது இடுப்பெலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். அது எலும்பின் மேலேயே ஏறி உட்கார்ந்தால் அன்று முழுக்க எல்லாமே தப்பாகத்தான் இருக்கும்.

பிறகு படுக்க வையுங்கள். நின்றபடியே ஸ்ட்ராப்பை இழுத்தால் உடம்பின் எடை எதிர்த்து நிற்கும். படுத்தால் வயிறு தளரும், தண்டும் கொஞ்சம் நீளும், ஸ்ட்ராப் சுலபமாகக் குறிக்கு வரும். முதலில் இடுப்பு ஸ்ட்ராப், அடுத்துக் கீழே உள்ளது, கடைசியில் மேலே உள்ளது என்பது எங்கள் பட்டறை வழக்கம். உங்களுக்குச் செய்தவர் வேறு வரிசை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்ட்ராப்பில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்திருப்பார். அந்தக் கோடு வரைக்கும் இழுக்க வேண்டும். எழுந்து நின்றதும் பனியனை மறுபடி கீழே இழுத்து விடுங்கள். பத்து நிமிடம் நடக்கவிட்டு, ஸ்ட்ராப்பை மறுபடி பாருங்கள். கோட்டிலிருந்து ஒரு விரல் நகர்ந்திருக்கும், திரும்ப இழுங்கள்.

இதன் பிறகும் புகார் நின்றால் கீழே போங்கள்.

தோல் சிவந்திருக்கிறது

சிவப்பு இருக்கத்தான் செய்யும். வளைவைத் தள்ள பிரேஸுக்குள் வைத்திருக்கும் பேட் அழுத்தும் இடத்தில் சிவக்கவே இல்லையென்றால்தான் நான் கவலைப்படுவேன், அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பார்க்க வேண்டியவை இரண்டு: எங்கே சிவந்திருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது.

வளைவு புடைத்திருக்கும் பக்கத்து விலா, இடுப்புக்கு மேலே உள்ள சதை, எதிர்ப்பக்கத்து அக்குளுக்குக் கீழ் போன்ற சதைப்பாங்கான இடங்களில், பேட் உட்காரும் அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு தடம் இருந்து, பிரேஸைக் கழற்றி அரை மணி நேரத்துக்குள் மங்கிப் போனால் எல்லாம் சரி. ஒன்றும் செய்ய வேண்டாம்.

சிவப்பு அரை மணி தாண்டியும் மங்கவில்லையா? விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. அன்று கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி சரியாகப் போட்டு, மறுநாள் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காமல் கருஞ்சிவப்பாகவே நின்றால் அது புண்ணின் முதல் படி. பிரேஸைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாளே பட்டறைக்கு வாருங்கள்.

எலும்பு முட்டும் இடங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. இடுப்பெலும்பின் முன்முனை, கடைசி விலாவின் விளிம்பு, தோள்பட்டை எலும்பின் கீழ்நுனி ஆகிய இடங்களில் தினமும் சிவந்தால் பிரேஸில்தான் குறை. ஹீட் கன் வைத்து அந்த இடத்தைக் கொஞ்சம் வெளியே தள்ள வேண்டியிருக்கும். பத்து நிமிட வேலை. வரும்போது பிரேஸைப் போட்டுக்கொண்டே வாருங்கள், கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் சிவப்பும் மறைந்திருக்கும், எனக்கும் இடம் தெரியாது. வர முடியாவிட்டால் கழற்றிய உடனே ஒரு போட்டோ, அரை மணி கழித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

இனி எண்ணெய் விஷயம். சிவந்த இடத்தில் பாட்டி தேங்காய் எண்ணெய் தடவுவார், அம்மா பவுடர் போடுவார். இரண்டும் வேண்டாம். எண்ணெயும் கிரீமும் தோலை இளக்கிவிடும், இளகிய தோல் தேய்ப்பில் சீக்கிரம் உரியும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து மாவாகி மடிப்புகளில் அடையும். பேட் படும் தோல் கொஞ்சம் உரமேற வேண்டும். அதற்காகத்தான் முதல் சில வாரங்களில், தோல் உரியாமல் இருக்கும்போது மட்டும், குளித்துத் துடைத்ததும் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் தடவச் சொல்கிறோம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லி எந்த வீட்டிலும் நான் ஜெயித்ததில்லை. அதனால் சமரசம் இதுதான்: தலைக்கு மட்டும் வையுங்கள். முதுகில் வழிந்தது சீயக்காயில் போனதா என்று பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு பிரேஸைப் போடுங்கள்.

கொப்புளம், தோல் உரிந்துவிட்டது

பிரேஸ் போடக் கூடாது, புண் மூடும் வரை. பேண்டேஜ் ஒட்டி அதன் மேலே பிரேஸ் போடுவது தப்பு, ஒட்டிய தடிப்பே இன்னொரு அழுத்தம். ஸ்பிரிட்டும் வேண்டாம், அது உரிந்த தோலுக்கு நெருப்பு. சாதாரணச் சோப்பும் தண்ணீரும் போதும், சீழ், சூடு, காய்ச்சல் இருந்தால் டாக்டர். அதே நாளில் பிரேஸ் செய்தவருக்கும் சொல்லுங்கள். காரணத்தை எடுக்காமல் புண் ஆறினதும் போட்டால் அதே இடத்தில் மறுபடி வரும். ஓரிரு நாள் மணிக்கணக்கு குறைவது பெரிய நட்டமில்லை. அந்தச் சாக்கில் இரண்டு வாரம் மூலையில் கிடப்பதுதான் நட்டம்.

வேர்க்குரு, அரிப்பு, நாற்றம்

பாஸ்டனில் குளிரும் நாட்களை மனத்தில் வைத்துச் செய்த பொருளைக் கத்திரி வெயிலில் போட்டுக்கொண்டிருக்கிறோம், வேர்க்கத்தான் செய்யும். பனியன்தான் இதில் முக்கியம். பக்கத் தையல் இல்லாமல் குழாய் போல் பின்னிய, கையில்லாத, பிரேஸின் கீழ் விளிம்பைத் தாண்டி நாலு விரல் நீளமிருக்கும் பருத்திப் பனியன் வேண்டும். திருப்பூர் பக்கம் உறவினர் இருந்தால் ஒரு டஜன் சொல்லி வையுங்கள். தையல் உள்ளது மட்டும்தான் கிடைக்கிறது என்றால் உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள், தையல் தோலில் படாது. கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு மாற்ற வேண்டும்: பள்ளிவிட்டு வந்ததும் ஒன்று, படுக்கப் போகும்முன் ஒன்று.

பிரேஸை தினமும் ஈரத் துணியில் சோப்புத் தொட்டுத் துடைத்து, நிழலில் காயவிட்டுப் போடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள், கதவு மூடிய காரிலும் வைக்காதீர்கள். சூட்டில் இளக்கி வார்த்த பிளாஸ்டிக் அது, சூட்டிலேயே உருவம் கெடும்.

டாக்டர் 18 மணி நேரம் என்று சொல்லியிருந்தால் ஒரு நாளில் ஆறு மணி நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் சாமர்த்தியம். குளியல், விளையாட்டு போக மிச்சத்தை வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வேர்க்குரு கொத்தாகச் சிவந்து ஊறினாலோ, வட்டமாகப் படர்ந்தாலோ அது படையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சொல்லியே ஆகவேண்டிய ஒன்று. லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பா, மகள் வேர்த்துக் கொட்டுகிறாள் என்று பிரேஸ் முழுக்க டிரில் போட்டு இடியாப்ப அச்சு மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தார். வேலை அவ்வளவு சுத்தம், ஒரே அளவு ஓட்டைகள், பிசிறே இல்லை. ஆனால் பேட்டுக்கு நேர் பின்னாலும் ஓட்டை. அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடம் வாரத்தில் வளைந்துவிட்டது. காற்றோட்டத்துக்கு ஓட்டை போடலாம், அழுத்தமில்லாத பக்கத்தில். எந்தப் பக்கம் என்று செய்தவருக்குத்தான் தெரியும்.

தொடை மரத்துப்போகிறது, கை மரத்துப்போகிறது

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்து, எரிச்சலோ ஊசி குத்துவது போலவோ இருந்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான். தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே மேலோட்டமாக ஓடுகிறது. பிரேஸின் முன்விளிம்பு அங்கே அழுத்துகிறது. கழற்றினால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். மறுபடி சரியாகப் போட்டும் திரும்ப வந்தால் விளிம்பை வெட்டி விரிக்க வேண்டும். பயப்பட வேண்டாம், ஆனால் பழகிவிடும் என்று வாரக்கணக்கில் விட்டுவிடவும் வேண்டாம்.

கை, விரல்கள் மரத்தால் அக்குள் பக்கம் விளிம்பு உயரமாக இருக்கிறது. பிரேஸ் கீழே இறங்காமல் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். சரியாக உட்கார்ந்தும் அக்குளில் குத்தினால் விளிம்பைக் குறைக்கலாம், ஆனால் ஒரு அளவுக்குத்தான். அந்த உயரம் சும்மா இல்லை. கீழே ஒரு பக்கம் தள்ளும் பேட்டுக்கு எதிர்த்தாங்கல் மேலே மறுபக்கம் வேண்டும். மூன்று இடத்தில் பிடித்தால்தான் வளைந்த கம்பு நிமிரும். வீட்டிலேயே ரம்பம் போட்டு அக்குள் பக்கத்தை அரைச்சாண் இறக்கிக் கொண்டுவந்தவர்களுக்குப் புதிதாகத்தான் செய்து கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு காலும் மரக்கிறது, கால் பலவீனமாக இருக்கிறது, நடை தடுமாறுகிறது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லை, இரவில் தூக்கத்தை எழுப்பும் முதுகுவலி என்றால் பிரேஸைக் குறை சொல்லிக்கொண்டு நேரம் கடத்தாதீர்கள். அன்றே டாக்டர். காரணம் தெரியாத ஸ்கோலியோசிஸ் என்று சொல்லும் வகையில் இவை வரக் கூடாதவை.

சாப்பிட்டால் வயிறு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது

வயிற்றின் மேல் இறுக்கமான சுவர் இருக்கிறது. மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடும் பழக்கம் இதோடு ஒத்துப்போகாது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து தடவையாகப் பிரியுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் ஸ்ட்ராப்பை ஒரு விரல் தளர்த்தலாம். தளர்த்துவதற்கு நான் தரும் அனுமதி இரண்டுதான், இது முதலாவது. மறுபடி குறிக்கு இழுக்க மறக்கக் கூடாது. அலாரம் வையுங்கள். மாதவிடாய் நாட்களில் வயிறு உப்புவதும் இதே கணக்குதான். அந்த இரண்டு மூன்று நாளில் இறுக்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், மணி நேரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதல் வாரத்தில் மூச்சு மேலோட்டமாக வருவது போலிருக்கும். ஷெனோ வகையில் பேட்டுக்கு எதிர்ப்பக்கம் வெற்றிடம் விட்டிருப்பார்கள். மூச்சை இழுக்கும்போது அந்த வெற்றிடத்துக்குள் விலா விரிய வேண்டும். அதில் பஞ்சோ துணியோ அடைத்து ‘இடைவெளி தெரியுதேன்னு நிரப்பிட்டோம்’ என்று வந்தவர்கள் உண்டு. அந்த இடைவெளி தெரியாமல் விட்டதல்ல. தண்டு நகர்வதற்கு வைத்த இடம், காலியாக இருக்கட்டும். பிரேஸ் கழற்றியும் மூச்சுத் திணறினாலோ, இளைப்பு (வீசிங்) உள்ள பிள்ளையாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

எப்போதாவது வாந்தி என்றால் உணவைப் பிரித்தால் தீரும். ஒல்லியான பிள்ளை, எடை வேறு குறைந்திருக்கிறது, சாப்பிட்டதெல்லாம் பச்சைப் பித்தமாக வாந்தி வருகிறது என்றால் அது வேறு. சிறுகுடலின் தொடக்கப் பகுதியைப் பெரிய ரத்தக்குழாய் ஒன்று நசுக்கும் நிலை இருக்கிறது. அரிது, ஆனால் உடம்பைச் சுற்றி மாவுக்கட்டும் பிரேஸும் போட்டவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். பிரேஸைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உட்கார்ந்தால் மேலே ஏறுகிறது

கடினமான நாற்காலியில், கால் தரையில் படும்படி, நேராக உட்கார வைத்துப் பாருங்கள். பிரேஸின் முன்விளிம்பு தொடையில் இடித்து மொத்தமாக மேலே தள்ளினால் விளிம்பு நீளம். பட்டறையில் குறைக்க வேண்டும். பெஞ்சில் பின்விளிம்பு இடித்தாலும் அப்படியே. இடிக்கவில்லை, ஆனாலும் ஏறுகிறது என்றால் இடுப்பு ஸ்ட்ராப் தளர்வு. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எந்த பிரேஸும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சாப்பாட்டுக்கு மேசைக்கு மாறுங்கள், பந்தியில் இருக்கும்போது விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ராப் குறிக்கு வரவில்லை, அல்லது குறியைத் தாண்டிப் போகிறது

தாண்டிப் போனால் பிள்ளை இளைத்திருக்கிறது, அல்லது பேட் அமுங்கித் தேய்ந்துவிட்டது. புது பேட் வைத்தால் சரியாகும்.

வரவில்லையென்றால் எடை கூடியிருக்கிறது, அல்லது வளர்ந்துவிட்டது. வளர்ச்சியைச் சுவரில் பென்சில் கோடு போட்டு மாதா மாதம் பாருங்கள். பேட் வைத்த உயரம் வளைவின் உச்சிக்குப் பொருத்தமாகக் கணக்கிட்டது. பிள்ளை வளர வளர வளைவு மேலே போகும், பேட் பழைய இடத்திலேயே நிற்கும். பூப்பெய்துவதற்கு முந்தைய வளர்ச்சிப் பாய்ச்சலில் இது வேகமாக நடக்கும். அதுதான் வளைவும் வேகமாகக் கூடக்கூடிய காலம். ஒரு பிரேஸ் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம் வரும். ‘இவ்வளவு காசு கொடுத்துச் செய்தது, இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம்’ என்பது புரிகிறது. ஆனால் சின்னதாகிப்போன பிரேஸ் தப்பான விலாவை அழுத்திக்கொண்டிருக்கும்.

தூங்க முடியவில்லை

புது பிரேஸை முதல் நாளே இரவில் போட்டால் யாருக்குமே தூக்கம் வராது. முதல் இரண்டு நாள் பகலில் இரண்டு இரண்டு மணி நேரம். கழற்றித் தோலைப் பாருங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பகலில் ஐந்தாறு மணி நேரம் தாங்கிய பிறகு இரவுக்குப் போங்கள். ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரத்தில் முழு நேரத்துக்கு வந்துவிடலாம். இரண்டு மூன்று இரவு எழுந்துகொள்வாள். நாலாவது இரவும் வலியில் எழுந்தால் அது பழக்கம் இல்லை, இடிக்கும் இடம்.

போட மறுக்கிறாள்

இதை அறிகுறியாகத்தான் சேர்க்கிறேன், ஒழுக்கக் குறைவாக இல்லை.

முதலில், ஏன் இந்த மணிக்கணக்கு என்று அவளிடமே சொல்லுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகளில் நடந்த பிரைஸ்ட் ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளர்ச்சி முடியும் வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் அது 48 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பிரேஸுக்குள் வெப்பம் பதியும் சிறு சென்சார் வைத்து, பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் போட்டார்கள் என்று அளந்ததுதான். ஒரு நாளைக்குச் சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தப்பித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘18 மணி நேரம் முடியாது, அப்போ எதுக்கு?’ என்று மொத்தமாக விடுவதைவிடக் கிடைத்த மணி நேரம் ஒவ்வொன்றும் கணக்கில் சேரும். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக முடியவே முடியாது என்று அழுகிற பிள்ளையோடு சண்டை போடுவதைவிட, பள்ளிவிட்டு வந்த நிமிடத்திலிருந்து மறுநாள் காலை வரை ஒரு மணி நேரம் விடாமல் போடுவதாக ஒப்பந்தம் போடுங்கள். டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பொய்க்கணக்கு எழுதிய அட்டையைப் பார்த்து, ‘இவ்வளவு போட்டும் கூடுகிறதே’ என்று அவர் ஆபரேஷன் பேச்சை எடுக்கும் நிலை வேண்டாம்.

உடை விஷயத்தில் அம்மாக்கள்தான் கெட்டிக்காரர்கள். பினஃபோரை ஒரு சைஸ் பெரிதாகத் தைத்தால் தெரியாது. துப்பட்டா வி மடிப்பு மேல்விளிம்பை மறைத்துவிடும். 1940-களில் அமெரிக்காவில் பிளவுன்ட், ஷ்மிட் என்ற இரு டாக்டர்கள் செய்த மில்வாக்கி பிரேஸில் கழுத்தைச் சுற்றி வளையமே இருந்தது. எதைப் போட்டும் மறைக்க முடியாது. 1970-களின் தொடக்கத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அக்குளுக்குக் கீழேயே முடியும் பிரேஸ் வந்த பிறகுதான் சட்டைக்குள் ஒளித்துவைக்கும் சுதந்திரம் கிடைத்தது. இந்தக் கதையைச் சொன்னால் சில பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்காத பிள்ளைகளும் உண்டு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை காதுபட ‘இப்படியே போனா நாளைக்கு யாரு கட்டிக்குவா’ என்று சொல்லும் பெரியம்மாவை, எவ்வளவு பெரிய பெரியம்மாவாக இருந்தாலும், தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அன்று ராத்திரி பிரேஸ் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

எக்ஸ்ரேயில் கூடியிருக்கிறது என்கிறார்கள்

எத்தனை டிகிரி? காப் கோணத்தை அளப்பதிலேயே ஏறத்தாழ 5 டிகிரி முன்பின் வரும். 28 இருந்தது 31 ஆகிவிட்டது என்று இரவெல்லாம் தூங்காத அப்பாவிடம் இதைத்தான் சொல்வேன். இரண்டு எக்ஸ்ரேயையும் ஒரே டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கட்டும்.

பிரேஸ் போட்டபடி எடுத்ததா, கழற்றி எடுத்ததா என்பதையும் பாருங்கள். பழகி ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில், போட்டபடி ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். இளக்கமான வளைவு அதில் பாதியளவு குறைந்திருந்தால் நல்ல அடையாளம். ஏறத்தாழ அப்படியே இருந்தால் அது பிள்ளையின் தப்பில்லை, நம் பக்கத்து வேலை. பேட் கூட்ட வேண்டும், அல்லது வேறு பிரேஸ். அப்போது செய்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அடுத்த தடவை கழற்றி எடுத்த எக்ஸ்ரேயில் கோணம் மறுபடி பழைய இடத்துக்கு வந்திருக்கும். ஏமாற வேண்டாம். பிரேஸின் வேலை கூடாமல் நிறுத்துவது. நிமிர்த்திக் கொடுப்பதாகச் சொல்லி யாராவது விற்றிருந்தால் அது விற்றவரின் வாய்.

உண்மையிலேயே கூடியிருந்தால், அதாவது ஐந்தாறு டிகிரி தாண்டியிருந்தால், மூன்று கேள்விகள்: எவ்வளவு நேரம் போடுகிறாள், குறி வரைக்கும் இழுக்கிறோமா, பிரேஸ் சின்னதாகிவிட்டதா. பெரும்பாலும் விடை இந்த மூன்றுக்குள்தான் இருக்கும். மூன்றும் சரியாக இருந்தும் கூடும் வளைவுகள் உண்டு. அப்போது யார் மேலும் பழி வேண்டாம்.

வெல்க்ரோ பிடிக்கவில்லை, டக் டக் என்று சத்தம், விரிசல்

வெல்க்ரோவில் முடியும் நூலும் அடைந்திருக்கும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தேய்ந்துபோயிருந்தால் அதே அகலம் அதே நீளத்தில் தெருமுனைச் செருப்புக் கடையிலேயே தைத்துக்கொள்ளலாம், குறிக்கோட்டை மட்டும் அதே இடத்தில் போடுங்கள். சத்தம் என்றால் ரிவெட் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு விளிம்பு மற்றதன் மேல் உரசுகிறது. விரிசல் விட்டால் ஃபெவிகுவிக் வேண்டாம், பட்டறை.

நிறுத்தச் சொன்ன பிறகு முதுகு நிற்கவில்லை என்கிறாள்

வளர்ச்சி நின்றதை இடுப்பெலும்பு, கை எலும்பு எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு டாக்டர் படிப்படியாகக் குறைக்கச் சொல்வார், அல்லது ஒரேயடியாக நிறுத்தச் சொல்வார். இரண்டு மூன்று வருடம் தாங்கிய சுவர் திடீரென இல்லாமல் போனால் முதுகு சோர்ந்து வலிப்பது இயல்புதான். பிரேஸ் போட்ட காலத்தில் தினமும் உடற்பயிற்சி செய்த பிள்ளைகளுக்கு இது குறைவு. ஷ்ராத் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுங்கள். ஜெர்மனியில் நூறு வருடத்துக்கு முன் தன் சொந்த முதுகு வளைவுக்காக ஒரு பெண் உருவாக்கிய முறை அது. வலி மாதங்கள் தாண்டினால், அல்லது ஒரு தோள் முன்பைவிட இறங்கித் தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.

கழற்றிய பிரேஸைப் பழைய சாமான்காரரிடம் அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஆறு மாத எக்ஸ்ரே வரும் வரை பரணில் கிடக்கட்டும்.